தரைக்கோடும் தண்ணிக்கோடும்

என் தொழிலில் பாதி வேலை வரைவது. மீதிப் பாதி, வரைந்ததை மறைப்பது. இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை. கோயம்புத்தூரில் நான் படித்த கம்ப்யூட்டர் வகுப்பில் கோடு போடச் சொல்லிக்கொடுத்தார்கள், வட்டம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கோட்டை யார் கண்ணில் காட்டலாம், காட்டக் கூடாது என்பதைக் குன்னூரில் ஒரு பட்டறையில்தான் கற்றுக்கொண்டேன். தேயிலை விலை விழுந்து, மலையே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த வருஷங்கள் அவை.

கம்ப்யூட்டரில் ஒரு மெஷினைக் கட்டும்போது இரும்பே இல்லாத பல சமாச்சாரங்களை உள்ளே நிறுத்தி வைக்க வேண்டும். காற்றில் ஒரு கண்ணாடித் தகட்டை நிறுத்தியதுபோல ஒரு கற்பனைத் தளம். அதிலிருந்து இத்தனை தூரத்தில் ஷாஃப்ட். நடுவே ஓடும் ஒரு கற்பனை அச்சு. அதைச் சுற்றி டிரம். ஒவ்வொரு பாகமும் இந்தத் தளங்களையும் அச்சுகளையும் பிடித்துக்கொண்டுதான் தன் இடத்தில் நிற்கும். மெஷின் முழுசாகச் சேர்ந்ததும் இவை யாருக்கும் வேண்டாம். கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். படத்தின் குறுக்கே மஞ்சளும் சாம்பலுமாகச் சட்டங்கள், தலையில் ஒரு பெயர்ச்சீட்டு வேறு. அவற்றை மறைத்துவிட்டுத்தான் படத்தை வெளியே கொடுக்க வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது.

எங்கள் பட்டறை தேயிலை ஃபேக்டரிகளுக்கு மெஷின் செய்து கொடுத்தும் பழுது பார்த்தும் பிழைத்து வந்தது. இலை விலை விழுந்ததும் முதலில் நின்றது புது மெஷின் ஆர்டர், அடுத்து நின்றது பழுது. ஃபேக்டரிக்காரர்கள் உடைந்த பாகத்தைக் கம்பியால் கட்டி ஓட்டினார்கள். பறிக்கிற கூலிக்கே இலை விலை கட்டாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகி நின்றது. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. கேட்டால் ஒரே பதில்தான், "கீழ போய்ட்டாங்க." கீழே என்றால் திருப்பூர். பனியன் கம்பெனி.

என் வீட்டிலும் அந்தப் பேச்சுதான். கணவர் இலை வாங்கி அரைக்கிற ஒரு ஃபேக்டரியில் டிரையர் பக்கம் சூப்பர்வைசர். வாரத்தில் பாதி நாள் ஃபேக்டரிக்கு இலையே வராது. அவருடைய அண்ணன் திருப்பூரில் ஒரு கம்பெனியில் நல்ல இடத்தில் இருந்தார். தம்பிக்கு அங்கே வேலை பேசியும் வைத்திருந்தார். பொங்கலுக்கு ஒரு வேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்த அண்ணன், திரும்பும்போது, "வண்டி காலியாத்தானே போகுது? எப்பிடியும் வரப்போறீங்க, சாமானத்த ஏத்துங்க" என்றார். கணவரும் ஏற்றிவிட்டார். பீரோ போனது, மிக்ஸி போனது, எனக்கு உயிராக இருந்த குக்கரும் போனது.

குக்கருக்கா இவ்வளவு என்று கீழே இருப்பவர்கள் சிரிக்கலாம். இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேக வைப்பதும் கல்லை வேக வைப்பதும் ஒன்றுதான். காலையில் அடுப்பில் வைத்த பருப்பு, மகளுக்குத் தலைவாரிப் பின்னி, சாக்ஸ் தேடிக் கொடுத்து, நான் புடவை கட்டி முடித்த பிறகும் பல்லில் கடிபடும். அந்தப் பருப்பைக் கிண்டும் ஒவ்வொரு முறையும் கணவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. கேட்டால் சாந்தமாகச் சொல்வார்.

"ஏம்புள்ளே, உங்க பட்டறை ஓடுச்சுன்னா இங்கயே இருந்துக்கலாம். எனக்கென்ன, பனியன் தைக்கணும்னு ஆசையா? நின்னு போச்சுன்னா மட்டும் பேசாம போயிரலாம். ஜூன்ல பாப்பாவ அங்க சேத்துக்கலாம்."

அது நியாயமான பேச்சுதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எனக்குப் போக விருப்பமில்லை. குளிர் பிடிக்கும், மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் பனி பிடிக்கும், என் வேலை பிடிக்கும். திருப்பூரில் மெஷின் படம் வரைகிறவளுக்கு யார் நாற்காலி போடுவார்கள்? பட்டறை மூச்சு விட்டால் நாங்கள் இங்கே, இல்லையென்றால் அங்கே. அவ்வளவுதான் கணக்கு.

பட்டறை முதலாளி கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். கடன் வாங்கியாவது எதையாவது புதுசாகச் செய்து பார்ப்பார். ஆர்டர் எல்லாம் நின்றுபோன சமயத்தில் யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கீழேயிருந்து வாங்கி வந்து, சாக்கால் மூடி ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். "இனிமே எல்லாம் இதுலதான் அம்மிணி" என்றார். எல்லாம் என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதுவரை எங்கள் பட்டறையில் படம் என்பது தரையில்தான். சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் மெஷினை முழு அளவில் வரைவோம். அளவுக்காகப் போடும் உதவிக் கோடுகளும் அதே சுண்ணக்கட்டியில்தான் இருக்கும். வரைந்து முடித்ததும் வாசலோரம் இருக்கும் வாளியில் சாக்கை நனைத்து, வேண்டாத கோட்டையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் தகடு வெட்டும் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். துடைக்காமல் விட்ட கோடு எதுவானாலும் அது இரும்பு. அது பட்டறைச் சட்டம். துடைக்க மறந்த கோட்டை யார் கண்டாலும் கண்டவர் துடைக்கலாம், கேட்க வேண்டியதில்லை. முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரச்சாக்கோடு குனிந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த நல்ல பழக்கம்தான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஊட்டிக்கு அப்பால் எமரால்டு பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குழு வந்தது அந்தச் சமயத்தில்தான். படகர்கள். தேயிலையில் பாதியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டிருந்தார்கள். பிடுங்கிய கேரட்டைக் கழுவ மெஷின் வேண்டும். சுற்றும் டிரம், உள்ளே ஷவர் பைப், கீழே ஸ்டாண்டு. எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் குழுவுக்குத் தலைவியாக வந்த அக்கா லேசில் மடங்குகிற ஆளில்லை. ஐம்பது வயசு இருக்கும், வெள்ளைப் போர்வை, காலில் ரப்பர் கம்பூட்ஸ்.

"எங்க ஊர்ல ஒருத்தரு வாய்ப்பேச்ச நம்பி ஒரு மெஷின் செஞ்சு வாங்கினாரு. போட்ட கேரட்டெல்லாம் ரெண்டா ஒடைஞ்சு வந்துச்சு. இப்ப அதுல கோழி அடைக்கிறாரு. நாங்க படத்த பாத்துட்டுத்தான் சொல்லுவோம்" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டர்லயே காட்டிருவோமுங்க" என்றார். அவர் முகத்தில் அத்தனை நாள் கழித்து ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். இந்த ஆர்டர் கிடைத்துவிட்டால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள், பட்டறை நிமிர்ந்துவிடும் என்றேன். "நடந்தா நல்லதுதான்" என்றார். வெந்தும் வேகாத பருப்பை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்.

படத்தை வரைந்தேன். அழகாகத்தான் வந்தது. முதல் பிரிண்டைக் காட்ட அவர்களை வரச் சொன்னோம். பெரிய தாள், மேஜை மேல் விரித்து நான்கு மூலைக்கும் நட்டும் போல்ட்டும் வைத்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். திரையில் என் கண்ணுக்குப் பழகிப்போய்த் தெரியாமலே இருந்த கற்பனைத் தளங்கள் அத்தனையும் தாளில் பளிச்சென்று விழுந்திருந்தன. டிரம்மின் நடுவே ஒரு சட்டம், காலுக்கு ஒரு சட்டம், அந்தரத்தில் இரண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நம்பர்.

அக்கா குனிந்து பார்த்தார். "டிரம்முக்கு நடுவுல இந்தப் பலக எதுக்கும்மா?"

"அது பலகை இல்லீங்க்கா. அளவுக்குப் போட்டது."

"நடுவுல பலக நின்னா கேரட்டு எப்பிடி அந்தப் பக்கம் போகும்?" என்று கூட வந்த ஒருவர் கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அவர் சிலோனிலிருந்து சின்ன வயசில் கப்பலேறி வந்தவர். முப்பது வருஷமாகத் தரைக்கோட்டைப் பார்த்துத் தகடு வெட்டியவர்.

"நான் இதுக்கெல்லாம் சேத்து தகடு கணக்குப் போட்டுட்டனே புள்ள. கோடு கெடக்கே?" என்றார்.

குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நின்ற இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சுத்தமாகப் போட்டு வை, வியாழக்கிழமை மார்க்கெட்டுக்கு வரும்போது எட்டிப் பார்க்கிறோம், பிடித்தால் செய்வோம், இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆள் செய்து தருகிறேன் என்கிறார், அவரிடம் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் முழுக்கக் கம்ப்யூட்டரின் மெனுக்களில் மேய்ந்தேன். கடைசியில் கண்டுபிடித்தேன். ஒரே சொடுக்கு. வேண்டாத தளம், அச்சு, புள்ளி எல்லாவற்றையும் ஒரேயடியாக மறைக்க ஒரு வழி இருந்தது. அழுத்தினேன். சட்டங்கள் எல்லாம் காணாமல் போய், வெள்ளைத் திரையில் மெஷின் மட்டும் நின்றது. பண்டிகைக்கு வாசல் கூட்டி முடித்தமாதிரி இருந்தது. முதலாளியையும் மேஸ்திரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். மேஸ்திரி, "இப்ப சரி" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. சாயங்காலம் பஸ் பிடிக்கப் போகும்போது மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது அப்புறம்தான். நான் போனபின் முதலாளி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வேறு எதற்கும் இல்லை, அந்த அழகை இன்னொரு தடவை பார்க்க. நான் செய்வதைப் பார்த்துப் பார்த்து, மெஷினைத் திருப்பிப் பார்க்கும் அளவுக்குப் பழகியிருந்தார். எதையோ அழுத்தியிருக்கிறார், மறைத்து வைத்ததெல்லாம் எழுந்து வந்துவிட்டது. பாவம், அம்மிணி அவசரத்தில் துடைக்காமல் போய்விட்டாள் என்று நினைத்து, கண்டவர் துடைக்கலாம் என்ற பட்டறைச் சட்டப்படி, ஒவ்வொரு தளமாகப் பிடித்து அழித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சரி என்று அழுத்தியிருக்கிறார். முடித்துவிட்டுப் பத்திரமாகச் சேமித்தும் வைத்திருக்கிறார்.

காலையில் திறந்தால் திரையோரத்தில் பாகங்களின் பெயர் வரிசை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு. மிளகாய் காயப் போட்ட களம்போல இருந்தது. டிரம் ஒரு பக்கம் பறந்துகொண்டிருந்தது, கால்கள் நான்கும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன, ஷவர் பைப் மோட்டாருக்குள் சொருகி நின்றது. எடுத்து வைத்திருந்த பழைய பிரதியும் உதவாது, அதில் டிரம்மின் அளவே வேறு. நாளைக்கு வியாழக்கிழமை.

முதலாளியைப் பார்த்து நான் கத்தினேன். சம்பளம் கொடுக்கிறவர் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. "யாரக் கேட்டுங்க தொட்டீங்க?" என்றேன்.

"வேண்டாத கோட்டத்தானே அம்மிணி தொடச்சேன்? குப்பையக் கூட்டுனது தப்பா?" என்று அவர் முழித்தார்.

"அது குப்பையில்லைங்க, அஸ்திவாரம்! அஸ்திவாரம் வெளிய தெரியக் கூடாதுதான். அதுக்காகத் தோண்டி எடுத்துர முடியுங்களா? அதப் புடிச்சுத்தான் மெஷினே நிக்குது. மறைக்கறது வேற, அழிக்கறது வேறங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் திருப்பூர் கண்ணில் வந்துவிட்டது. பள்ளத்தாக்கே தெரியாத ஒரு ஜன்னல் தெரிந்தது. அழுகை வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டேன். முதலாளி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுண்ணக்கட்டியை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தார்.

"அம்மிணி, நாங்க தரையில போட்டுக்கிட்டே அளவு சொல்றோம். நீங்க அதுல போடுங்க. என்ன இப்ப, ஒரு பகல் இருக்குதுல்ல" என்றார்.

அப்படித்தான் அந்தப் பகல் போனது. அவர்கள் இருவரும் தரையில் முழு அளவில் மெஷினை வரைந்தார்கள். மேஸ்திரி அளவை உரக்கச் சொல்வார், முதலாளி சரிபார்ப்பார், நான் திரையில் கட்டுவேன். இந்த முறை கற்பனைத் தளங்களுக்கு நம்பர் வைக்கவில்லை. எது எதற்கு என்று தெரியாததால்தானே இவ்வளவு கூத்து என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். இங்கிலீஷ் எழுத்தில்தான், ஆனால் நம் பேச்சில்: தரை, தண்ணி, தண்டு, வாய். அவசரத்தில் தளங்களைக் குறைத்தும் விட்டேன். முன்பு காலுக்கு நீளம் தனியாகக் கொடுத்திருந்தேன். இப்போது அதற்கெல்லாம் பொறுமையில்லை. கால்கள் நான்கும் தரை வரைக்கும் நீளட்டும் என்று தரைத் தளத்தோடு கட்டிவிட்டேன். நடுவே முதலாளி டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருந்தது. வர்க்கியைச் சாப்பிட்டுவிட்டுக் கோபத்தைத் தொடர்ந்தேன்.

சாயங்காலம் எல்லாம் சேர்ந்து நின்றது. ஒரு சொடுக்கில் தளங்களை மறைத்தேன். முதலாளி தள்ளியே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊட்டிக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்து, பனியில் நனையாமலிருக்கக் குடையின் மடிப்புக்குள் சுருட்டி வைத்துக் கொண்டுவந்தார்.

வியாழக்கிழமை குழு வந்தது. தாளை விரித்தோம். வேண்டாத ஒரு கோடு கிடையாது. அவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், தங்களுக்குள் படகர் மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது கேரட்டும் கரெண்டும்தான். ரொம்ப நேரம் பேசினார்கள்.

கடைசியில் அக்கா நிமிர்ந்தார். "அழகா இருக்கும்மா. போட்டோ மாதிரி இருக்கு. ஆனா இது எங்க நிக்குது?"

"எங்கன்னாங்க்கா?"

"மெஷினு வெள்ளையில தொங்குது. தரை எங்க? நாங்க கழுவுற எடம் வாய்க்காலுக்குக் கீழ, ஒரு பக்கம் பள்ளம். தண்ணி எந்த ஒசரத்துல வந்து விழணும்? ஒண்ணும் தெரியலயே."

கூட வந்தவர்களில் ஒருவர் தலைப்பாகையை எடுத்துக் கட்டத் தொடங்கிவிட்டார். அது கிளம்புவதற்கு அடையாளம். மேட்டுப்பாளையம் என்ற வார்த்தை அவர்கள் பேச்சில் வந்தது எனக்கு நன்றாகவே கேட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"போன தடவ கோடு எதுக்குன்னு கேட்டீங்க. இன்னிக்குக் கோடு எங்கன்னு கேக்கறீங்க. நான் என்னதாங்க்கா பண்றது?"

முதலாளி பதறிப்போய், "அம்மிணி, அம்மிணி" என்றார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

"போன தடவ எல்லாக் கோடும் ஒண்ணா வந்து நின்னுச்சு. எழவு ஊட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுன மாதிரி. எதக் கேக்கறது? எங்களுக்கு வேணுங்கறது மட்டும் பேசட்டுமே."

நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர்களை நாற்காலிக்குப் பின்னால் வரச் சொன்னேன். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் காட்டவில்லை. பெயர் வரிசையில் தேடி, தரையை மட்டும் எழுப்பினேன். மெஷினின் காலுக்கடியில் ஒரு சட்டம் விரிந்தது.

"இதுதாங்க்கா தரை. உங்க பள்ளம் எந்தப் பக்கம்?"

"மோட்டாரு வர்ற பக்கம். இந்தா, மொழங்கால் ஒசரம் எறங்கும்." அக்கா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். மேஸ்திரி குனிந்து, கம்பூட்ஸ் அடியிலிருந்து டேப்பை வைத்து அளந்தே சொன்னார். அந்த அளவுக்குத் தரைத் தளத்தைச் சாய்த்தேன்.

கால்கள் நீண்டன. மோட்டார் பக்கத்து இரண்டு கால்களும் தாமாகவே இறங்கி, சாய்ந்த தரையைத் தொட்டு நின்றன. டிரம் அசையாமல் மட்டமாக இருந்தது. பின்னால் எல்லாரும் ஒரே குரலில் ஏதோ சொன்னார்கள். தலைப்பாகை கட்டியவர் அதை மறுபடி கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு என் தோள்வழியே எட்டிப் பார்த்தார். சத்தியமாக எனக்கே அது ஆச்சரியம்தான். முதல் படத்தில் இந்த வித்தை நடந்திருக்காது. கால்களின் நீளம் அதில் தனியாகக் கிடந்தது. முதலாளி எல்லாவற்றையும் அழித்து வைத்ததால், அவசரத்தில் நான் செய்த குறுக்கு வழி இது. குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதை முதலாளியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த படத்தையும் துடைத்து வைப்பார்.

பிறகு தண்ணிக்கோட்டை எழுப்பினேன். ஷவர் பைப்புக்கு மேலே படுக்கையாக ஒரு கோடு. "உங்க வாய்க்கா இந்தக் கோட்டுக்கு மேல ஓடுச்சுன்னா பம்பு வேண்டாங்க்கா. தண்ணி தானா எறங்கும்."

அக்கா சாய்ந்த தரையையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணை மூடித் தன் நிலத்தை நினைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "எங்க வாய்க்கா மேல் பாத்தியில ஓடுது. இதுக்கும் ரெண்டு முழம் மேல" என்றார். பிறகு மற்றவர்களிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். அவர்கள் தலையாட்டினார்கள். "செய்யுங்க" என்றார் முதலாளியிடம். "ஆனா அந்த ரெண்டு கோட்டயும் தாள்ல போட்டுக் குடுங்க. தண்ணிக்கோடு நீலக் கலர்ல வேணும்."

நீலக் கலர் வராது, ஊட்டியில் எடுக்கிற பிரிண்ட் கறுப்பு வெள்ளை என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. கடைசியில் மகளின் நீல ஸ்கெட்ச் பேனாவால் நானே போட்டுக் கொடுத்தேன்.

ஒரே சிக்கல் மேஸ்திரிதான். தாளில் இரண்டு கோடு கிடக்கிறது, இரும்பு இல்லை என்கிறாய், இது சட்டத்துக்கு விரோதம் இல்லையா என்று கேட்டார். ரொம்ப நேரம் யோசித்து அவரே ஒரு வழி கண்டார். வெல்டிங் பையன்களைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டி, "இந்த ரெண்டு கோட்டுக்கும் லீவு குடுத்தாச்சு. யாரும் வேல சொல்லாதீங்க" என்று அறிவித்தார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அப்படிப்பட்ட கோடுகளுக்கு லீவுக்கோடு என்றே பெயர்.

மெஷினை எமரால்டுக்கு ஏற்றிப்போன அன்று கணவரும் வந்தார். அவர் ஃபேக்டரிக்கு அன்றைக்கும் இலை இல்லை. மெஷினை இறக்கத் தோள் கொடுத்தார், மோட்டாரில் பெல்ட்டை மாட்டினார். மேஸ்திரி ஒரு கம்பை நட்டு, தண்ணிக்கோட்டு உயரத்தில் நூல் கட்டினார். மேல் பாத்தியில் மடையைத் திறந்துவிட்டார்கள். குழாய்க்குள் முதலில் காற்றுதான் உறுமியது. பிறகு தண்ணீர் வந்தது, ஷவர் முழுக்கச் சீராகக் கொட்டியது. நீண்ட கால் இரண்டும் குட்டைக் கால் இரண்டுமாக மெஷின் அந்தச் சரிவில் ஆடாமல் நின்றது. மண்ணோடு கொட்டிய கேரட் மறுமுனையில் ஈரமாக, சிவப்பாக, உடையாமல் உருண்டு வந்தது. அக்கா ஒன்றை எடுத்து ஒடித்து, பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு மீதியைத் தானே கடித்தார். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரர் இருவர், பட்டறை குன்னூரில் எங்கே என்று முதலாளியிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி வழியோடு சேர்த்து என் கம்ப்யூட்டர் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார். அழித்த கதையை மட்டும் விட்டுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கணவர் வழியெல்லாம் மரமாய் வளர்ந்து கிடந்த தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊட்டி நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம திருப்பூர் போறேன்" என்றார்.

இவ்வளவும் பார்த்த பிறகுமா? "எதுக்குங்க?" என்றேன்.

"அண்ணங்கிட்ட நேர்ல சொல்லிரோணுமல்ல, வரலைன்னு. போன்ல சொன்னா நல்லாருக்காது." முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பீரோவெல்லாம் அப்பறம் வேன் கெடச்சாப் பாத்துக்கலாம். குக்கர மட்டும் பஸ்லயே மடியில வெச்சுக் கொண்டாந்தர்றேன். ஏம்புள்ளே, அந்தப் பருப்ப இனி எத்தன நாளைக்குத்தான் நானும் மெல்லறது?"

நான் மடியிலிருந்த பாதிக் கேரட்டை அவரிடம் நீட்டினேன். வாங்கிக் கடித்தார்.